இம்பாலின் 'இமா கெய்தெல்': அம்மாக்கள் மட்டுமே கடை விரிக்கும் சந்தையின் வரலாறும் இன்றைய நெருக்கடியும்

இம்பால்: மணிப்பூர் தலைநகர் இம்பாலின் மையப்பகுதியில், பழைய அரண்மனைக் கோட்டையான காங்லாவுக்கு மேற்கே, குவைரம்பந்த் எனப்படும் கடைவீதி அமைந்துள்ளது. அங்குள்ள உயர்ந்த கூரைகளின் கீழ், வரிசை வரிசையான மேடைகளில் காலை மடக்கி அமர்ந்திருக்கும் பெண்கள் அரிசி, கீரை, மீன், மிளகாய், கைத்தறித் துணி என அனைத்தையும் விற்கின்றனர். வாங்க வருபவர்களில் ஆண்களும் உண்டு. விற்பவர்களில் ஓர் ஆண்கூட இல்லை. 'இமா கெய்தெல்' என்பது இச்சந்தையின் பெயர். மணிப்புரி மொழியில் 'இமா' என்றால் அம்மா. 'கெய்தெல்' என்றால் சந்தை.

முழுவதும் பெண்களாலேயே நடத்தப்படும் சந்தைகளில் உலகிலேயே பெரியது என இது பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. மூவாயிரம் முதல் ஐயாயிரம் வரையிலான பெண்கள் இங்கு வியாபாரம் செய்வதாகக் கணக்குகள் கூறுகின்றன. சுற்றுலாக் கையேடுகளில் இடம்பெறும் இந்தப் பெருமைக்குப் பின்னால் இரண்டு போராட்டங்கள், ஒரு நிலநடுக்கம், நெடுங்காலச் சாலை மறியல்கள், 2023 மே மாதம் வெடித்த இனக்கலவரம் ஆகியவற்றைக் கடந்து வந்த வரலாறு உள்ளது.

ஆண்கள் இல்லாத ஊரில் பிறந்த சந்தை

சந்தையின் வயது 500 ஆண்டுகள் எனச் சொல்லப்படுவது வழக்கம். பதினாறாம் நூற்றாண்டை அதன் தொடக்கமாகக் கொள்வது மரபு. ஆனால், ஒரு மன்னர் ஒரு நாளில் அடிக்கல் நாட்டிப் பிறந்த சந்தையாக இதைக் கருத இயலாது. இதன் வேர், மணிப்பூர் அரசில் நடைமுறையில் இருந்த 'லல்லுப்' என்னும் கட்டாய உழைப்பு முறையில் உள்ளது.

லல்லுப் முறைப்படி, 17 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் ஒவ்வொரு 40 நாட்களிலும் 10 நாட்கள் அரசுக்காக ஊதியமின்றி உழைக்க வேண்டும். போர், சாலை அமைத்தல், ஆற்றைத் தூர்வாருதல், அரண்மனைப் பணி என அரசு எதைச் சொன்னாலும் செய்தாக வேண்டும். பர்மாவுடனும் அண்டை நாடுகளுடனும் இடைவிடாமல் போர் நடந்த காலங்களில், ஆண்கள் வீடு திரும்பாத மாதங்களும் இருந்தன. திரும்பாமலே போனவர்களும் இருந்தனர். இந்நிலையில் வயலில் நாற்று நட்டு, விளைச்சலைச் சுமந்து வந்து விற்று, குடும்பத்தை நடத்தும் பொறுப்பு பெண்களின் தோள்மீது விழுந்தது. பொருளாதாரத் தேவையாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, காலப்போக்கில் மாற்ற முடியாத வழக்கமாக நிலைபெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மணிப்பூரில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகளின் குறிப்புகளில், இங்கு கொடுக்கல் வாங்கல் அனைத்தும் பெண்கள் கையில் இருப்பது குறித்த வியப்பு திரும்பத் திரும்ப வெளிப்படுகிறது. அக்காலத்தில் சந்தையில் புழங்கியது 'செல்' எனப்பட்ட சிறிய வெண்கல நாணயம். ஒரு ரூபாய்க்கு நூற்றுக்கணக்கான செல் தேவைப்பட்டன. மதிப்பு அடிக்கடி ஏறி இறங்கிய அந்த நாணயங்களை எண்ணிக் கணக்கு முடிக்கும் ஆற்றல் சந்தைப் பெண்களிடம் இருந்தது.

முதல் 'நுபி லான்': 1904

1891ஆம் ஆண்டு ஆங்கிலேய-மணிப்புரிப் போரில் மணிப்பூர் தோற்றது. இளவரசர் திகேந்திரஜித்தும் முதிய தளபதி தங்கலும் அதே ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் தேதி இம்பாலில் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டனர். சந்தையை ஒட்டியுள்ள இரண்டு வணிகத் தெருக்களில் ஒன்று தங்கலின் பெயரையும், மற்றொன்று அப்போரில் உயிரிழந்த பாவோனா பிரஜபாசியின் பெயரையும் இன்றும் தாங்கி நிற்கின்றன.

போருக்குப் பின் ஆங்கிலேயர் லல்லுப் முறையை ஒழித்து, அதற்கு ஈடாக வீட்டு வரியைக் கொண்டுவந்தனர். ஆனால் 1904ஆம் ஆண்டு இம்பாலில் ஆங்கிலேய அதிகாரிகளின் குடியிருப்பு தீக்கிரையானபோது, அதை மீண்டும் கட்டித் தருவதற்காகப் பள்ளத்தாக்கின் ஆண்கள் காபோ பள்ளத்தாக்கிலிருந்து மரம் கொண்டுவர வேண்டும் என அரசியல் முகவர் மேக்ஸ்வெல் ஆணையிட்டார். வரியும் வாங்கிக்கொண்டு, ஒழித்த உழைப்பையும் திரும்பக் கேட்பதா என்ற கேள்வியுடன் ஆயிரக்கணக்கான சந்தைப் பெண்கள் அவரது இல்லத்தை முற்றுகையிட்டனர். கூட்டத்தைக் கலைக்கப் படை வரவழைக்கப்பட்டது. சில நாட்கள் நீடித்த கிளர்ச்சிக்குப் பின் ஆணை திரும்பப் பெறப்பட்டது. மணிப்புரி மொழியில் இது முதல் 'நுபி லான்', அதாவது பெண்களின் போர் எனப்படுகிறது.

வீட்டு ஆண்களுக்கான உழைப்பு ஆணையை எதிர்த்து வீதிக்கு வந்தவர்கள் பெண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரின் பெண்கள் நாள்தோறும் ஓரிடத்தில் கூடும் வாய்ப்பைச் சந்தை அளித்திருந்தது. செய்தி பரவவும் முடிவெடுக்கவும் வேறு மன்றம் தேவைப்படவில்லை.

அரிசிக்காக நடந்த போர்: 1939

இரண்டாவது நுபி லான், மணிப்பூர் வரலாற்றின் திசையையே மாற்றிய நிகழ்வாகக் கருதப்படுகிறது. அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, அரிசி வணிகம் அன்று எவ்வாறு இயங்கியது என்பதை அறிய வேண்டும்.

நெல்லை வாங்கி, உரலில் குற்றி, அரிசியாக்கிச் சந்தையில் விற்பது ஏராளமான பெண்களின் வாழ்வாதாரமாக இருந்தது. வெளியிலிருந்து வந்த வணிகர்கள் இயந்திர அரிசி ஆலைகளை நிறுவத் தொடங்கியதும் அந்த வேலைக்கு ஆபத்து வந்தது. ஆலைகள் அரைத்த அரிசி, லாரிகளில் ஏற்றப்பட்டு மாநிலத்துக்கு வெளியே சென்றது. இந்த ஏற்றுமதியால் அரசுக்கு வருவாய் கிடைத்தது. வணிகர்களுக்கு லாபம் கிடைத்தது. உள்ளூர் மக்களுக்கு மிஞ்சியது விலையேற்றம்.

1939ஆம் ஆண்டு பருவம் தவறிய கனமழையாலும் ஆலங்கட்டி மழையாலும் நெற்பயிர் பாழானது. அறுவடைக் காலத்திலேயே அரிசி கிடைக்கவில்லை. ஆயினும் ஏற்றுமதி தொடர்ந்தது. டிசம்பர் 12ஆம் தேதி காலை, பெண்கள் திரண்டு அரச தர்பார் அலுவலகத்துக்குச் சென்று ஏற்றுமதியைத் தடை செய்யக் கோரினர். தர்பார் தலைவர் ஷார்ப், மகாராஜாவின் அனுமதியின்றித் தம்மால் முடிவெடுக்க இயலாது எனக் கூறினார். மகாராஜா சூராசாந்த் அப்போது வங்காளத்தின் நவத்வீபத்தில் இருந்தார். அப்படியெனில் தந்தி கொடுங்கள் என்ற பெண்கள், ஷார்ப்பைத் தந்தி அலுவலகத்துக்கே அழைத்துச் சென்றனர். தந்தி அனுப்பப்பட்டது. பதில் வரும்வரை அவர் அங்கிருந்து நகரக்கூடாது என்றனர்.

அவரை மீட்க வந்த அசாம் ரைபிள்ஸ் வீரர்கள் துப்பாக்கிக் கட்டையாலும் துப்பாக்கி முனைக் கத்தியாலும் கூட்டத்தைக் கலைத்தனர். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் காயமடைந்தனர். மறுநாள் மகாராஜாவிடமிருந்து ஏற்றுமதித் தடை உத்தரவு வந்து சேர்ந்தது. பெண்கள் அத்துடன் நிற்கவில்லை. ஆலைகளே மூடப்பட வேண்டும் என்பது அடுத்த கோரிக்கையானது.

இதன் பின்னர் நிகழ்ந்ததுதான் இச்சந்தையின் வரலாற்றிலேயே அசாதாரணமானது. பெண்கள் தங்கள் சந்தையைத் தாங்களே புறக்கணித்தனர். குவைரம்பந்த் ஓராண்டுக்கும் மேலாக வெறிச்சோடிக் கிடந்தது. நாள் வருமானத்தை நம்பி வாழ்ந்தவர்கள், அந்த வருமானத்தையே ஆயுதமாகப் பயன்படுத்தினர். போராட்டத்துக்கு ஆதரவாகக் களமிறங்கிய தலைவர் ஹிஜாம் இராபோத் 1940 ஜனவரியில் கைது செய்யப்பட்டு, பின்னர் சில்ஹெட் சிறைக்கு அனுப்பப்பட்டார். அரிசிப் பிரச்சினை, மெல்ல அரசியல் சீர்திருத்தக் கோரிக்கையாக உருமாறியது. 1942 மே மாதம் ஜப்பானிய விமானங்கள் இம்பால் மீது குண்டு வீசியதும் நகரமே காலியானது, கிளர்ச்சியும் ஓய்ந்தது.

டிசம்பர் 12ஆம் தேதி இன்றும் மணிப்பூரில் நுபி லான் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இதில் ஒரு முரணும் உண்டு. அதிகாரிகளையே தந்தி அலுவலகத்தில் நிறுத்தி வைத்த பெண்களின் மாநிலத்தில், சட்டப்பேரவைக்கு முதல் பெண் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட 1990ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 60 உறுப்பினர்கள் கொண்ட பேரவைக்கு 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐந்து பெண்கள் வென்றதே சாதனையாகப் பேசப்பட்டது. சந்தையில் கிடைத்த அதிகாரம் சட்டப்பேரவை வரை செல்லவில்லை.

சந்தைக்குள் என்ன நடக்கிறது?

இங்கு இடம் பெறுவதற்கு இரு நிபந்தனைகள் உள்ளன. விற்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். மணமானவராகவோ கணவரை இழந்தவராகவோ இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஒவ்வோர் இடமும் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்கோ, மாமியாரிடமிருந்து மருமகளுக்கோ செல்கிறது. நிலம் பெரும்பாலும் தந்தைவழியில் செல்லும் சமூகத்தில், பெண்களின் வரிசையிலேயே கைமாறும் சொத்து என்ற வகையில் இந்தச் சில அடி மேடைக்குத் தனி மதிப்பு உண்டு.

மூலதனத்துக்குப் பெண்கள் நம்பியிருப்பது 'மாருப்'. நம் ஊர்ச் சீட்டுக்கு நெருங்கிய ஏற்பாடு இது. உறுப்பினர்கள் குறிப்பிட்ட தொகையைச் செலுத்த, திரளும் பணம் முறைவைத்து ஒவ்வொருவருக்கும் கிடைக்கும். வங்கிகள் ஏற்கத்தக்க அடமானம் எதுவும் இல்லாத வியாபாரிகளுக்கு இதுவே கைகொடுத்து வந்துள்ளது. அவசரத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கி, அன்றைய விற்பனையில் அன்றே அடைப்பவர்களும் ஏராளம்.

சந்தையின் பொருட்களில் மணிப்பூரின் நிலவியலே தெரிகிறது. மாநிலப் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டுமே இம்பால் பள்ளத்தாக்கு, மீதமெல்லாம் மலை. பள்ளத்தாக்கிலிருந்து அரிசியும், லோக்தக் ஏரி மீனும், தாமரைத் தண்டும் வருகின்றன. மலையிலிருந்து தமெங்லோங் ஆரஞ்சு, கசாய் எலுமிச்சை, உக்ருல் மாவட்டத்தின் சிராரகோங் மிளகாய், இஞ்சி, அன்னாசி ஆகியவை வருகின்றன. இந்த ஆரஞ்சு, எலுமிச்சை, மிளகாய் மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. 'சக்காவ்' எனப்படும் மணமுள்ள கருப்பு அரிசிக்கு 2020ஆம் ஆண்டு அந்தக் குறியீடு கிடைத்தது.

மீன் பகுதியை அணுகும்போதே ஒரு காட்டமான மணம் வரவேற்கும். அது 'ஙாரி'. சிறு கெண்டை மீன்களை வெயிலில் காயவைத்து, மண்பானையில் நெருக்கி அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, மாதக்கணக்கில் நொதிக்க விட்டு எடுப்பது இது. வேகவைத்த காய்களுடன் ஙாரியையும் மிளகாயையும் சேர்த்து மசிக்கும் 'எரோம்பா' இல்லாத மணிப்புரிச் சாப்பாடு அரிது. நம் வீட்டுக் கருவாட்டைப் போலவே, பழகியவர்களுக்கு அமுதம், பழகாதவர்களுக்குச் சோதனை.

அனைத்துப் பெண்களும் தாங்கள் விளைவித்ததையே விற்கின்றனர் எனக் கூற இயலாது. சொந்தத் தோட்டத்துக் கீரையைக் கொண்டு வருபவர்களும், விடியலில் கிராமத்து விவசாயிகளிடம் கொள்முதல் செய்து விற்பவர்களும் அருகருகே அமர்ந்துள்ளனர். நாட்டின் பிற பகுதிகளில் அரசு உருவாக்கிய நேரடி விற்பனைச் சந்தைகளிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே. பஞ்சாபில் 1987இல் தொடங்கிய 'அப்னி மண்டி', ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் வந்த 'ரைத்து பஜார்', அதே ஆண்டு நவம்பர் 14இல் மதுரையில் திறக்கப்பட்ட உழவர் சந்தை ஆகியவை இடைத்தரகரை விலக்கும் நோக்கில் அரசு இடம் ஒதுக்கி, அடையாள அட்டை வழங்கி அமைத்தவை. இமா கெய்தெல் விற்பவர்கள் உருவாக்கிய சந்தை. அரசு பின்னால் வந்து கூரை போட்டது.

அந்தக் கூரையும் எளிதில் வரவில்லை. 2003ஆம் ஆண்டு சந்தை இருந்த இடத்தில் நவீன வணிக வளாகம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்ததும், தங்கள் இடம் பறிபோகும் என அஞ்சிய பெண்கள் மீண்டும் போராட்டத்தில் இறங்கினர். பல்லாண்டு இழுபறிக்குப் பின், பெண்களுக்கென்றே மூன்று கட்டடங்கள் எழுப்பப்பட்டு 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்டன. லெய்மரேல் சிதபி, இமோய்னு, ஃபௌஒய்பி என மூன்றுக்கும் பெண் தெய்வங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. முறையே பூமித்தாய், அடுப்படியையும் வளத்தையும் காப்பவள், நெல்லின் தெய்வம் என இவர்களை மெய்தெய் மக்கள் வழிபடுகின்றனர்.

கட்டி ஆறு ஆண்டுகள் ஆவதற்குள், 2016 ஜனவரி 4ஆம் தேதி அதிகாலையில் தமெங்லோங் பகுதியை மையமாகக் கொண்டு 6.7 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. நூற்றாண்டுகளாகத் திறந்தவெளியிலும் தகரக் கூரையின் கீழும் நடந்த சந்தைக்குக் கிடைத்த புதிய கட்டடங்களின் தூண்கள் சிதைந்தன. பெண்கள் மீண்டும் தெருவுக்கு வந்து தரையில் கடை விரித்தனர். கட்டுமானத் தரம் குறித்து அப்போது எழுந்த கேள்விகள் நியாயமானவை.

மறியல் காலத்து உணவுக் களஞ்சியம்

இம்பாலை நாட்டின் பிற பகுதிகளுடன் இணைப்பவை முதன்மையாக இரு நெடுஞ்சாலைகள்: நாகாலாந்தின் திமாப்பூர் வழியாகச் செல்வது ஒன்று, ஜிரிபாம் வழியாக அசாம் செல்வது மற்றொன்று. இரண்டும் மலைகளைக் கடக்கின்றன. புதிய மாவட்டம் கேட்டும், எதிர்த்தும் இச்சாலைகள் பலமுறை மறிக்கப்பட்டுள்ளன. 2011ஆம் ஆண்டு மறியல் 100 நாட்களைத் தாண்டியது. 2016 நவம்பரில் தொடங்கிய மறியல் 2017 மார்ச் வரை நீடித்தது. லாரிகள் நின்றதும் பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் எட்டாத விலைக்குச் சென்றன. அந்நாட்களிலும் நகரின் அடுப்புகள் எரிந்ததற்கு, சுற்றுவட்டாரக் கிராமங்களின் அரிசியும் கீரையும் மீனும் இச்சந்தைக்கு வந்தது முக்கியக் காரணம். நெடுஞ்சாலையை நம்பாத உணவு வலையமைப்பின் மதிப்பு அப்போதுதான் தெரியும்.

கரோனா பெருந்தொற்று அந்த வலையமைப்பையும் நிறுத்தியது. 2020 மார்ச் மாதம் மூடப்பட்ட இமா கெய்தெல், பத்து மாதங்களுக்கும் மேலாகத் திறக்கப்படவில்லை. 1939ஆம் ஆண்டுப் புறக்கணிப்புக்குப் பிறகு ஏற்பட்ட மிக நீண்ட முடக்கங்களில் இதுவும் ஒன்று. அன்றைய முடக்கம் பெண்களின் முடிவு; இம்முறை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மாருப் தவணைகள் தவறின. கடன் கூடியது. பலர் தங்கள் வீட்டு வாசலிலும் தெருமுனைகளிலும் விற்றுக் காலம் தள்ளினர்.

2023க்குப் பின்

2023 மே 3ஆம் தேதி மெய்தெய், குகி-ஸோ சமூகத்தினரிடையே வெடித்த வன்முறையில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுமார் 60,000 பேர் வீடிழந்தனர். ஊரடங்கில் சந்தை மூடப்பட்டது. பின்னர் ஊரடங்கு தளர்த்தப்பட்ட சில மணி நேரங்களில் மட்டும் இயங்கியது. பெண்கள் கடையை அடைத்துவிட்டு அமைதி கோரி தர்ணா நடத்திய நாட்களும் இருந்தன.

இக்கலவரம் சந்தையின் அடித்தளத்தையே தொட்டது. பள்ளத்தாக்கும் மலையும் சந்திக்கும் இடமாக இருப்பதே குவைரம்பந்தின் இயல்பு. தங்குல் நாகா பெண்கள் உக்ருலிலிருந்து இன்றும் வருகின்றனர். ஆனால் குகி-ஸோ மக்கள் பெரும்பான்மையாக வாழும் சுராசாந்த்பூர், காங்போக்பி மலைப்பகுதிகளுக்கும் இம்பாலுக்கும் இடையே பாதுகாப்புப் படையினர் நிற்கும் இடைவெளி மண்டலம் உருவானது. ஒரு சமூகத்தினர் மற்றவரின் பகுதிக்குள் செல்ல இயலாத நிலையில், மலைத்தோட்டத்து இஞ்சியும் மிளகாயும் பழைய வழியில் வருவது நின்றது. மணிப்பூரின் தென்பகுதி மக்கள் மருத்துவத்துக்கும் பொருட்களுக்கும் பல மணி நேரம் பயணித்து மிசோரமின் ஐஸ்வாலை நாட வேண்டியதாயிற்று.

மியான்மர் எல்லையில், இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மோரே நகருக்கும் இதே கதிதான். பர்மாவிலிருந்து வெளியேறிய தமிழர்கள் பல தலைமுறைகளாக வணிகம் செய்துவரும் ஊர் அது. அங்காள பரமேஸ்வரி கோயிலும் தமிழ்ச் சங்கமும் அங்கு உண்டு. மோரே வழியாக வந்த போர்வைகளும் வீட்டு உபயோகப் பொருட்களும் இம்பால் கடைவீதியில் ஒரு காலத்தில் குவிந்து கிடந்தன. பெருந்தொற்றால் 2020இல் எல்லை வாயில் மூடப்பட்டது, 2021இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது, பின்னர் 2023 கலவரம் என அடுத்தடுத்த அடிகளில் அந்த வழியும் வற்றியது.

சந்தைக்கு வெளியே இன்னொரு சிக்கலும் வளர்ந்து வருகிறது. மூன்று கட்டடங்களிலும் இடம் கிடைக்காத பெண்கள், அவற்றைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் கூடையும் சாக்குமாக அமர்கின்றனர். உரிமம் இல்லாததால் காவல்துறையினர் அவர்களை அவ்வப்போது அப்புறப்படுத்துகின்றனர்; மறுநாள் அவர்கள் திரும்புகின்றனர். வாடிக்கையாளர்கள் வாசலிலேயே வாங்கிச் சென்றுவிடுவதால் உள்ளே மேடையில் அமர்ந்திருப்பவர்களுக்கும் மனக்குறை உண்டு. கலவரத்தால் வயலையும் வீட்டையும் இழந்து முகாம்களில் வாழும் பெண்களுக்கு, உடனடியாகச் சில ரூபாய் ஈட்டக் கிடைக்கும் வேலைகளில் தெருவோர விற்பனையும் ஒன்று. 1939இல் சந்தைப் பெண்களுக்கு எதிரில் இருந்தவை அரிசி ஆலையும் அரசும். இன்று ஒரே நடைபாதைக்காக உரிமம் உள்ள அம்மாவும் இல்லாத அம்மாவும் எதிரெதிரே நிற்கின்றனர்.